தவளைக்காக அடித்த மருந்து

நெரவி கிராமத்தில் சந்திரலேகாவின் வயலுக்கு யாரும் வழி சொல்ல மாட்டார்கள். "மழை விட்டதும் வாய்க்கால் கரையில நில்லுங்க. எந்தப் பக்கம் காது அடைக்குதோ அதான்" என்பார்கள். அவ்வளவு தவளை. கேலிக்குத்தான் சொல்வார்கள், ஆனால் அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அவள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. திருநள்ளாற்றில் அப்பாவுக்குச் சமையல் வேலை. சிவராமனைக் கட்டிக்கொண்டு வந்தபோது நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. சிவராமனுக்கோ காரைக்காலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. காலையில் வண்டியை எடுத்தால் சாயங்காலம்தான் திரும்புவார். சேறு பட்டால் காலை மூன்று தடவை கழுவுகிற மனிதர். மாமனார் படுக்கையில் விழுந்த வருடம் வயலைப் பார்க்க ஆள் இல்லாமல் சந்திரலேகா இறங்கினாள். அப்புறம் கரையேறவே இல்லை. ஒரு வருடம் களை மண்டியது, ஒரு வருடம் தண்ணீரை அதிகம் கட்டி நாற்றை அழுக விட்டாள், ஒரு வருடம் வெள்ளம் வந்து எல்லார் வயலோடும் சேர்த்து அவள் வயலையும் கொண்டுபோனது. இத்தனையும் பட்ட பிறகு அவளாகவே ஒரு முடிவுக்கு வந்து சேர்ந்தாள். தவளை கத்துகிற வயலில் பூச்சி தங்காது, பூச்சி தங்காத வயலுக்கு மருந்து வேண்டாம். இது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மையை முழுசாக நம்புகிறவர்களோடு யாராலும் பேசி ஜெயிக்க முடியாது. சந்திரலேகா அந்த ரகம்.

போன சம்பா நடவின்போது வீட்டில் பேச்சு எழுந்தது. அவளுக்கு முட்டி வலி. சிவராமனுக்கு ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மேல் வயல்காரர் நீலமேகம் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இந்த சம்பாவைப் பாரு சந்திரா. நல்லா வந்தா நீயே வச்சுக்க, நான் வாயத் திறக்கல. ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா சித்திரையில நீலமேகத்துக்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா இருப்போம்" என்றார் சிவராமன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். வயல் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பயிர் நன்றாகத்தான் தூர் கட்டியது. ஐப்பசி மழையில் வரப்பெல்லாம் கட்டைவிரல் நகம் அளவு குட்டித் தவளைகள். அந்தச் சமயம் பார்த்து, புதுச்சேரியில் படிக்கிற மகள் உமாமகேஸ்வரி வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். எங்கோ ஒரு மழைக்காடு. உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று தவளையைக் கவ்விக்கொண்டு இலைக்கு அடியில் இழுத்துப் போகிறது. "அம்மா, உன் தவளைங்க பத்திரம்!" என்று கீழே எழுதி, சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தாள்.

பிள்ளை விளையாட்டுக்கு அனுப்பியது. சந்திரலேகாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வரப்பில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். இத்தனை வருடமாகக் கண்ணில் பட்டும் மனசில் படாமல் இருந்தவை எல்லாம் இப்போது தெரிந்தன. தூருக்குத் தூர் எட்டுக்கால்பூச்சி. சில தண்ணீர்மேல் நனையாமல் ஓடின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று, காட்டுச் சிலந்தியில் கால்வாசி கூட இருக்காது, ஒரு குட்டித் தவளையின் முதுகில் பாய்ந்து பிடித்துக்கொண்டது. தவளை இரண்டு தடவை உதறியது. பிறகு உதறவில்லை.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. 'இதுங்கள விட்டா ஒரு தவளை மிஞ்சாது. தவளை போனா பூச்சி வரும். பூச்சி வந்தா வயல் போச்சு' என்று அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கணக்கில் ஓட்டை இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

மருந்துக் கடையில் எட்டுக்கால்பூச்சிக்கு மருந்து கேட்டபோது கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "இது எல்லாப் பூச்சிக்கும் கேக்கும்மா" என்று ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். தவளைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்க நினைத்தாள். தவளை என்ன பூச்சியா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நீலமேகத்திடம் தெளிப்பான் இரவல் வாங்கப் போனபோது அந்த மனிதர் வாயைப் பிளந்தார்.

"அக்கா, நீங்களா? மருந்தா?"

"இலைச்சுருட்டுப் புழு தெரியுது தம்பி" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தாள். மருந்தே வேண்டாம் என்று ஊரெல்லாம் பேசியவளுக்கு உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அடித்த பிறகு சிலந்தி ஒன்றுகூட இல்லை. மழை பெய்தது, தவளையும் கத்தவில்லை. எல்லாம் செத்துவிட்டதா, பயந்து நீலமேகம் வயலுக்குப் போய்விட்டதா, அவளுக்குத் தெரியவில்லை. கார்த்திகையில் கதிர் பால் பிடிக்கிற நேரம். நடுவயலில் முறத்தளவு இடம் பழுத்துத் தெரிந்தது. இரண்டொரு நாளில் அது களம் அளவு விரிந்து, யாரோ தீ வைத்த மாதிரி கருகிக் கிடந்தது. தூரை விலக்கிப் பார்த்தால் அடியில் பழுப்பு நிறத்தில் அப்பிக்கொண்டிருந்தது புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி.

வேளாண் அலுவலகத்திலிருந்து வெண்மதி என்ற பெண் வந்து பார்த்தாள். சின்ன வயது, ஆனால் ஆளை மிரட்டாமல் பேசுகிறவள். வயலுக்குள் இறங்கி, தூரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி என்னம்மா அடிச்சீங்க?" என்று கேட்டாள். சந்திரலேகா பாட்டிலைக் காட்டினாள். எதற்கு அடித்தாள் என்பதையும், வேறு யாரும் பக்கத்தில் இல்லாததால், சொல்லிவிட்டாள்.

வெண்மதி சிரிக்கவில்லை. "புகையானத் தின்னு தீர்க்கறதே அந்த எட்டுக்கால்பூச்சிதாம்மா. குட்டித் தவளை எப்பவாவது ஒண்ணு மாட்டும். நீங்க காவக்காரன விரட்டிட்டீங்க. புகையான் முட்டை தூருக்குள்ள இருக்கும், மருந்து அதைத் தொடாது. அது பொரிச்சு வந்து பாத்தா கேக்க ஆள் இல்ல."

"இப்ப என்ன பண்றது மேடம்?"

"மொதல்ல தண்ணிய வடிங்க. பயிர அங்கங்க விலக்கி விட்டுக் காத்து உள்ள போக விடுங்க. இன்னொரு தடவ அந்த மருந்த மட்டும் தொடாதீங்க. எங்கயாவது சிலந்தி இருந்தா வைக்கோல் கட்டுல ஏத்திக் கொண்டாந்து விடலாம். முழுசாக் காப்பாத்த முடியும்னு நான் சொல்ல மாட்டேன்."

வடிப்பது என்றால் லேசில்லை. அந்தப் பக்கம் வயலுக்கு வயல்தான் தண்ணீர். நீலமேகம் வயலில் நிறைந்தது மடை வழியாக இவள் வயலுக்கு இறங்கும். அவர் மடையை அடைத்து, தன் தண்ணீரைச் சுற்றி வேறு வழியாக வடிகாலுக்கு விட்டால்தான் இவள் வயல் காயும். வயல் கெட்டால் குத்தகை யாருக்கு வருமோ, அவரிடமே போய் நிற்க வேண்டும். நின்றாள்.

"இலைச்சுருட்டுக்கு அடிச்சதுல எப்படிக்கா புகையான் வந்துச்சு?" என்று கேட்டார் நீலமேகம்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "இலைச்சுருட்டு இல்ல தம்பி. எட்டுக்கால்பூச்சி தவளையப் புடிச்சுது. தவளையக் காப்பாத்தலாம்னு அடிச்சேன்."

நீலமேகம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்திரலேகாவுக்கு அந்த வரப்பு பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. சிரித்து முடித்ததும் அவர் எழுந்து, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்தார். மடையை அடைத்துவிட்டுத் தன் வயலின் ஓரமாகவே வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடிகாலுக்குத் திருப்பினார். அதில் அவருடைய பயிர் ஒரு வரிசை போயிற்று. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீக்கடையில் மட்டும் தவளைக் கதையைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை, பாவம்.

சிலந்திக்கு எங்கே போவது? மருந்து படாத வயலே பக்கத்தில் இல்லை. கடைசியில் மெயின் ரோட்டோரம் பிளாட் போட்டு விற்காமல் கிடந்த இடம் நினைவுக்கு வந்தது. எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் கோரை மண்டி, தண்ணீர் தேங்கி, தவளையும் சிலந்தியும் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. சாயங்காலம் அங்கே வைக்கோல் கட்டுகளைப் போட்டுவிட்டு வந்து, காலையில் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். வீட்டில் ஒரு சிலந்தியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுகிறவள் அவள். ஒன்று கழுத்தில் இறங்கி ரவிக்கைக்குள் போனபோது ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். ஆனால் கட்டைக் கீழே போடவில்லை.

கருகல் களத்தளவோடு நின்றது. தண்ணீரை வடித்ததால் நின்றதா, சிலந்தியால் நின்றதா என்று கேட்டால் வெண்மதியே, "ரெண்டும்தான் இருக்கும்" என்றாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவராமன் தானாகவே வயலுக்கு வந்தார். தவளைக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. டீக்கடையில் கேட்டதை வீட்டில் கேட்காமல் இருந்தார். பேண்டைச் சுருட்டிவிட்டு, வரப்பில் ஜாக்கிரதையாகக் கால் வைத்து நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். நடுவில் கருகல், சுற்றிலும் தலை சாய்ந்த கதிர். ஏடாகூடம் ஆகிவிட்டது என்பதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

"சித்திரைக்கு நீலமேகத்துக்கிட்ட நானே பேசிடறேங்க" என்றாள் சந்திரலேகா.

அவர் காலடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஈர மண்ணில் ஒரு சிலந்தி, மருந்துக்குப் பிறகு திரும்பி வந்த குட்டித் தவளை ஒன்றைப் பிடித்திருந்தது. தவளை இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது.

"ஏய் சந்திரா, உன் தவளையப் புடிச்சிடுச்சு பாரு!" சிவராமன் பதறிக் குனிந்து ஒரு குச்சியை எடுத்தார். பேண்டில் சேறு பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

சந்திரலேகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. அது சாப்புடட்டும்."

அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தவளை உதறுவதை நிறுத்தும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு சிவராமன் குச்சியைக் கீழே போட்டார்.

"நீலமேகத்துக்கிட்ட நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றார். "அடுத்த சம்பாவுக்கு நாத்து எங்க விடப்போற, அதச் சொல்லு."