வெளிச்சத்தில் காட்டாத பச்சைப் புடவை

பட்டுப்புடவை விற்பவனுக்கு இடுப்பு ஒடிந்தாலும் சிரிப்பு ஒடியக் கூடாது, கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய சகபாவிகளே! இன்று காஞ்சிபுரத்தில் நிம்மதியாக நிற்கிறேன். முதலாளி வெளிநாட்டில் திறந்த கிளையில் நான் இருந்தபோது, ஒரு காலையில் அந்த நாட்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. அந்த வாரத்துக் கூத்துகள் இவை.

வெளியே சத்தம்

கோமதி அக்கா நம் ஊர்க்காரர், அங்கேயே குடியேறியவர். வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். கூறைப்புடவைக்காக முப்பதாவது புடவையைப் பிரித்தபோது தூரத்தில் டபடபவென்று சத்தம். பட்டாசு என்றுதான் நினைத்தேன். பட்டின் நிறத்தை டியூப்லைட்டில் நம்பக் கூடாது, வாசல் வெயிலில் பார்க்க வேண்டும் என்பது நம் வழக்கம். அரக்கு நிறத்தைக் காட்டி, "வெளிச்சத்துல காட்டுபா" என்றார் அக்கா. என் கால் தானாக வாசலுக்குப் போனது. முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால், தெருமுனையில் பீரங்கி வண்டி!

உள்ளே பாய்ந்து ஷட்டரை இறக்கினேன். "அக்கா, மிலிட்டரி வந்துக்கினு இருக்குது!"

"வரட்டும்பா. இப்ப நின்னியே, அதே எடத்துல அந்தப் பச்சையையும் ஒரு தபா காட்டிடு."

முதலாளியின் கவலை

பச்சையைக் காட்ட நான் போகவில்லை. அக்கா அரக்கையே முடிவு செய்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்ட என்னிடம் விட்டுவிட்டு, சத்தம் அடங்கியதும் வீட்டுக்குப் போனார். அன்றே ஊரடங்கு. கடை மாடியில் தனியாக அடைந்து கிடந்தேன். ஊரில் என் மனைவி டிவியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். முதலாளி போன் செய்தார். எதிர்ச்சுவரில் குண்டு பட்டதைச் சொன்னேன். பதறிப்போய்க் கேட்டார்:

"ஷோகேஸ்ல இருக்கற பொடவைய உள்ள எடுத்துட்டியாபா? குண்டு பட்டா ஓட்டை ஒண்ணுதான். வெயில் பட்டா பொடவையே வெளுத்துப்பூடும்."

ஜீப் மேல் விரித்தது

மண்டபத்தை மூடிவிட்டதால் கல்யாணம் அக்கா வீட்டிலேயே. வெள்ளிக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரைதான் ஊரடங்குத் தளர்வு. அதற்குள் முகூர்த்தம். கூறைப்புடவையோ என்னிடம்! "வேற பொடவ கட்டிக்கட்டும்கா" என்று போனில் சொல்லிப் பார்த்தேன். பின்னால் பெண் அழுவது கேட்டது. மனசு கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் ஒரு சிப்பாய் துப்பாக்கி முனையால் பையைச் சுட்டிக்காட்டி, பிரிக்கச் சொன்னான். பிரிக்கச் சொன்னால் அப்புறம் என் கை என் பேச்சைக் கேட்குமா? புடவை அவன் ஜீப் மேல் விரிந்தது. பார்டர், முந்தானை, குஞ்சம் எல்லாம் காட்டினேன். தோளிலும் போட்டுக்கொண்டேன். அந்த ஊர் மொழியில் எனக்குத் தெரிந்தது கடைப்பேச்சுதான். அதை முழுக்க ஒப்பித்தேன். அவன் துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, புடவையை வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிடுங்கிக்கொள்வானோ என்று எனக்கு உயிரே இல்லை. தன் தங்கைக்கும் கல்யாணம் என்றவன், மெதுவாகக் கேட்டான்:

"இதுல வேற கலர் இல்லையா?"

முகூர்த்தம்

நிலைமை சரியானதும் கடைக்கு வரும்படி சிப்பாயிடம் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. பெண் அரக்குப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். தாலி ஏறியதும் நான் வெட்கமில்லாமல் அழுதேன். அக்காவும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு ஜன்னல் வெயிலில் மகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ அன்னிக்கு அந்தப் பச்சைய வெளிச்சத்துல காட்டியிருக்கலாம்பா."

ஒரு நாட்டின் ஆட்சியைப் பிடிக்க ராணுவத்துக்கு ஒரு காலைப்பொழுது போதும், புடவை எடுக்க வந்தவர் மனசைப் பிடிக்க நமக்கு ஆயுசு போதாது.