பத்து மணி பன்னிரண்டு நிமிஷம்

மஸ்டரில், அதுதான் வருகைப் பதிவேட்டில், "10.00" என்று எழுதப் பேனாவை வைத்தபோதுதான் உறைத்தது. தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் பத்து பன்னிரண்டு காட்டியது. எட்டு மாதமாகத் தினமும் காலையில் என் முதல் வேலையே ஒரு பொய்யை எழுதி அதன் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதுதான். அன்று 10.12 என்று எழுதினேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் ஆபீஸ் எங்களுடையது. பத்தே காலுக்குப் பியூன் மஸ்டரை ஹெட் கிளார்க் அறைக்கு எடுத்துப் போவான். அதற்குள் வந்தவர்கள் எல்லாரும் பத்து என்றே எழுதுவார்கள். பத்தைத் தாண்டினால் லேட் மார்க். மூன்று லேட் மார்க்குக்கு ஒரு நாள் லீவு போய்விடும். வந்த வரிசையில்தான் கையெழுத்து. இதை நான் யோசிக்கவே இல்லை.

குர்லாவில் மாறிவரும் அதே வண்டியில்தான் நாலைந்து பேர் வருவோம். நான் ஸ்டேஷனிலிருந்து ஓடுவேன். எனக்குப் பின்னால் டெஸ்பாட்ச் கிளார்க் காட்கோபர் பாய் மூச்சு வாங்க நடந்து வருவார். சொந்த நாட்டில் எனக்குப் பக்கத்து ஊர்க்காரர். அன்றும் வழக்கம்போல என் பெயருக்குக் கீழே பத்து என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மற்ற மூவரும் அப்படியே.

மாட்டுங்காவிலிருந்து வரும் ஹெட் கிளார்க் மஸ்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ஏன்யா, கீழே போகப் போக மணி பின்னாடி போறதோ?" என்று கேட்டு, எங்கள் ஐந்து பேருக்கும் சிவப்பு மையில் லேட் மார்க் வட்டம் போட்டார்.

பாய்க்கு அது அந்த மாதத்தின் மூன்றாவது வட்டம். பிரசவத்துக்கு ஊருக்குப் போன மனைவி பெண் குழந்தை பெற்றிருந்தாள். அதன் முகத்தைப் பார்க்க அவர் ஒவ்வொரு நாளாக லீவு சேர்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் தன் டப்பாவில் பாதியை எப்போதும் என் பக்கம் தள்ளுபவர், அன்று வேறு மேஜைக்குப் போய்விட்டார். "பாதிரியார் ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடட்டும்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். பயறு உசலும் பாவ் ரொட்டியும் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். பத்து நாளாகியும் என் எதிரே அவர் நாற்காலி காலியாகவே இருக்கிறது. நான் எழுதும் நேரமும் உண்மையாகவே இருக்கிறது. வண்டி பிந்தும் நாளில், என் வரி என்ன சொல்கிறதோ அதையே கீழே இருப்பவர்களும் எழுதவேண்டியிருக்கிறது.

ஞாயிறு மாலை தாராவி சபையின் வாலிபர் கூட்டத்தில் எழுந்து இதைச் சாட்சியாகச் சொன்னேன். ஸ்தோத்திரம் என்றார்கள், கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பாயைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் கை குலுக்கியிருப்பார்களா? நான் தங்கியிருக்கும் கோலி அறைக்குத் திரும்பும் வழியில், பாதிச் சாட்சிக்கு என்ன பெயர் என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்க ஆளில்லை.

இன்று காலை பைப்பில் தண்ணீர் குடிக்கும்போது பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நான் வேணும்னு செய்யல" என்றேன்.

"தெரியும்லே தம்பி. மெய்யத்தான எழுதுத? அதக் குத்தஞ் சொல்ல முடியுமா?" குழாயை மூடினார். "ஆனா அத எம்பேருக்கு மேலதான் எழுதணுமா? ஒன்னய யாரு ஓடச் சொன்னா?"

குத்தலாகத்தான் சொன்னார். எனக்கோ சாயங்காலம் வரை வேறெதுவும் ஓடவில்லை. மேலே இருக்கும் பத்துகளுக்கு நானும் பொறுப்பா என்பது இன்னும் தெரியவில்லை. என் வரிக்கு மட்டும் பதில் சொல்ல முடியும். அதன் விலையையும் நானே கொடுக்க முடியும்.

நாளை ஸ்டேஷனிலிருந்து ஓடப்போவதில்லை. பாய்க்குப் பின்னால் நடப்பேன். எல்லாரும் எழுதி முடிக்கும்வரை சுவரோரம் நின்று, பியூன் எடுப்பதற்குள் மஸ்டர் கிடைத்தால், கடைசி வரியில் கடிகாரம் காட்டுவதை எழுதுவேன்.