சேஃப் என்கிற நாலு எழுத்து

2005-ஆம் வருடம். சுனாமி வந்துபோய் ஒரு மாதம் கடந்திருக்கும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மரக்காணத்தில் ஒரு பேட்டரிக் கடையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டுதான். அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. என் பிள்ளை நாலு எழுத்து படித்தவன் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். மாத்திரை அட்டை, பஸ் போர்டு, கரண்ட் கம்பத்தில் ஒட்டின நோட்டீஸ் என்று எதைப் பார்த்தாலும் என்னிடம், "இது இன்னாடா சொல்லுது?" என்று கேட்பாள். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டதே இல்லை. எழுத்து பேசும், அது எனக்கு மட்டும் காதில் விழும் என்கிற மாதிரிதான் கேட்பாள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் கடைக்கு ஒரு போன் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளம் தொடங்குகிற இடத்தில் ஒரு கார் நின்றுவிட்டதாம். புது பேட்டரியை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனேன். வெளிநாட்டுக் கம்பெனிக் கார். முதலாளியை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு, காரைப் பாண்டிச்சேரியில் விடப் போகிற டிரைவர் மட்டும் இருந்தார். நாற்பது வயது மெட்ராஸ்காரர்.

"சீக்கிரம் முடிச்சி உடு நைனா. இந்தக் கடலு பக்கத்துல நிக்கவே எனக்கு ஒதறுது" என்றார்.

பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை வைத்து டெர்மினலை முடுக்கினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் சாலைக்குக் கிழக்கே இருந்த உப்பளத்தில் கூச்சல் கேட்டது.

"கடலு வருதுடோய்! ஓடுங்க! ஓடுங்க!"

உப்பு விளைய இன்னும் நாள் இருந்தது. பாத்திகளில் சேறு மிதித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் முழங்கால் வரைக்கும் சேற்றோடு வரப்பில் ஓடி வந்தார்கள். ரோடுதான் அங்கே மேடு. ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். இதற்கு மேல் எங்கே ஓடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு மாதத்தில் அப்படிக் கத்தல் கேட்டு ஓடுவது எங்களுக்கு முதல் தடவை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியேதான் ஓடினோம். குப்பத்தில் செத்துப்போனவர்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம்.

கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

யார் முதலில் கத்தினது, யார் போய்க் கடலைப் பார்த்தது, ஒன்றும் தெரியவில்லை. கிழக்கே சவுக்குத் தோப்பு மறைத்துக்கொண்டிருந்தது. நான்கைந்து பேரிடம் செல்போன் இருந்தது. எல்லா நம்பரும் பிஸி. உப்பள மேஸ்திரி, எப்போதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடக்கிறவர், காரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்பா, காருல ரேடியோ இருக்குதுல்ல? போடுங்கப்பா. நியூஸ்ல சொல்லுவான்."

டிரைவர் ரேடியோவைத் திருகினார். விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. சின்னத் திரையில் நாலு இங்கிலீஷ் எழுத்து மட்டும் மின்னியது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா சொல்லுது?"

பழக்கதோஷம். எது கேட்டாலும் வாய்விட்டுப் படித்துவிடுவேன். "சேஃப்" என்றேன்.

அடுத்த வார்த்தை சொல்வதற்கு முன்னால் அது என் கையை விட்டுப் போய்விட்டது. "சேஃப்பாம்!" என்று ஒருத்தர். "ரேடியோல சேஃப்னு வந்துட்ச்சி!" என்று இன்னொருத்தர். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் அந்த வார்த்தை தெரியும். சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாமில் நாள் முழுக்கக் கேட்ட வார்த்தை அது. வாய்க்கு வாய் தாவிக் கூட்டத்தின் கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்து ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

ஆனால் அந்த சேஃப் வேறு. எனக்கு அது தெரியும். பாண்டிச்சேரியில் ஒரு ஒர்க்ஷாப்பில் ஆறு மாதம் பழகினபோது இதே மாதிரி ரேடியோ செட்டைப் பார்த்திருக்கிறேன். திருடன் ரேடியோவைக் கழற்றிக்கொண்டு போனால் அவனுக்குப் பயன்படக் கூடாது என்பதற்காகக் கம்பெனியே உள்ளே ஒரு பூட்டு வைத்திருக்கும். பேட்டரியை எடுத்தால் பூட்டிக்கொள்ளும். கோடு என்று சொல்கிற நாலு நம்பர் ரகசிய எண்ணைப் போட்டால்தான் மறுபடி பாடும். அதுவரைக்கும் 'சேஃப்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதாவது, ரேடியோ பத்திரமாக இருக்கிறது. கடலைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

"இல்ல, இல்ல! அது ரேடியோவுக்கு! பூட்டிக்கினு இருக்குதுன்னு அர்த்தம்!" என்று கத்தினேன்.

மேஸ்திரி சிரித்தார். "டேய், நீயேதான் படிச்ச. இப்ப நீயே இல்லன்ற. சும்மா கலவரம் பண்ணாத."

நல்ல செய்தி கிடைத்த கூட்டத்திடம் அதைத் திரும்பக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஒவ்வொருவராக வரப்பில் இறங்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டுத் தூக்கு, செருப்பு, மண்வெட்டி எல்லாம் அங்கே கிடந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா பக்கத்தில் இல்லை. உப்பளக் கொட்டகை ஓரமாகக் கட்டிப் போட்டிருந்த சினை ஆட்டை அவிழ்க்கப் போய்க்கொண்டிருந்தாள். கடலுக்கு நேராக.

வரப்பு வரைக்கும் ஓடிப் போய்க் கத்தினேன். "அம்மா! திரும்பி வா! நான் சொன்னது அது இல்ல!"

நடந்துகொண்டே திரும்பினாள். "ஆடு கத்தும்டா! நீதான் படிச்சிச் சொல்லிட்டியே, அப்பறம் இன்னா பயம்?"

ஓடினால் அம்மாவை இழுத்து வந்துவிடலாம். ஆனால் வரப்பு முழுக்க ஆட்கள். என் வார்த்தையை நம்பி இறங்கினவர்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எத்தனை பேரை இழுப்பது? ரேடியோ பேசினால் ஒரே தடவையில் எல்லாருக்கும் கேட்கும். இந்த வேலை எனக்குத் தெரியும். திரும்பி ஓடினேன்.

டிரைவர் கிளம்பத் தயாராக இருந்தார். சாவியைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, கோடு என்ன?"

"கோடா? மொதலாளிக்குத்தான் தெரியும். அவரு பிளைட்ல கீறாரு." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "நாலு நம்பருன்னா வண்டி நம்பராத்தான் இருக்கும்." நான் தடுப்பதற்குள் பட்டன்களை அமுக்கிவிட்டார். திரை ஒரு தடவை அணைந்து மறுபடி மின்னியது.

"பாரு, திரும்பவும் சேஃப்புன்னுதான் வருது!" என்று கார் ஜன்னலில் எட்டிப் பார்த்த ஒருத்தர் கூட்டத்துக்கு அறிவித்தார். இன்னும் நாலு பேர் இறங்கினார்கள்.

"அண்ணே, தயவுசெய்து தொடாதீங்க. ரெண்டாவது தடவை தப்பாப் போட்டா ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. இந்த மாதிரி செட்டில் சர்வீஸ் ஆட்கள் கோடைப் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எழுதிவைப்பது உண்டு. அதைப் பார்க்க வேண்டுமானால் செட்டை வெளியே இழுக்க வேண்டும். அதற்கென்று தனி கொக்கி இருக்கிறது. என்னிடம் அது இல்லை. மேஸ்திரியின் சைக்கிள் கண்ணில் பட்டது.

"மேஸ்திரி, ரெண்டு ஸ்போக்ஸ் கம்பி எடுத்துக்கறேன்."

"ஏம்பா, நான் வூட்டுக்குப் போவ வேணாமா?"

"ரேடியோ பேசலன்னா வூடு இருக்குமான்னே தெரியாது மேஸ்திரி."

என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சைக்கிளைப் படுக்க வைத்தார்.

கட்டிங் பிளேயரால் இரண்டு கம்பிகளை வெட்டி வளைத்து, ரேடியோவின் முகத்தில் இருபுறமும் இருந்த துளைகளில் செருகி, வெளிப்பக்கமாக நெம்பி இழுத்தேன். 'டக்' என்று விட்டுக்கொடுத்து, வயரோடு முன்னால் வந்தது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட்ப்பாவி! திருடனுக்குக் கூட இம்மாம் சுளுவா வராதே! உனுக்கு இன்னா தொழிலு, உண்மையச் சொல்லு!"

பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருந்தது. அதில் பேனாவால் ஒரு தேதி, அதன் கீழே நாலு எண்கள்.

"பூட்டையும் போட்டுட்டு சாவியையும் அதுமேலயே தொங்க உட்டுகிறானுங்க" என்றார் டிரைவர்.

ஆனால் முதல் எண் மங்கியிருந்தது. ஒன்றா, ஏழா? டிரைவர் ஒன்று என்றார். மேஸ்திரி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு அவரும் ஒன்றுதான் என்றார். மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். அதே பேனா, அதே கை. அந்த ஆள் தேதியில் எழுதின ஒன்றெல்லாம் வெறும் குச்சி. இதற்கு மட்டும் உச்சியில் கொஞ்சம் வளைவு இருந்தது. ஏழு. அதற்கு மேல் யோசிக்கவில்லை. நான்கு பட்டன்களில் நம்பரை ஏற்றி, கடைசிப் பட்டனை அமுக்கிப் பிடித்தேன்.

திரையில் வந்தது: சேஃப்.

"அவ்ளோதான் போ" என்றார் டிரைவர்.

நான் கையை எடுக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அம்மா வரப்பின் கடைசியில் விரல் அளவுக்குத் தெரிந்தாள். சரியான கோடு போட்டாலும் ஒரு நொடி அப்படிக் காட்டும் என்று ஒர்க்ஷாப்பில் பார்த்த மாதிரி ஞாபகம். அந்த ஞாபகத்தை நம்பித்தான் காத்திருந்தேன். எழுத்து அணைந்தது. ஸ்டேஷன் எண்கள் வந்தன. ஸ்பீக்கரில் 'உஸ்' என்ற இரைச்சல் கேட்டது. மீடியம் வேவுக்கு மாற்றி, பாண்டிச்சேரி ஸ்டேஷனைத் தேடி நகர்த்தி, சத்தத்தைக் கடைசி வரைக்கும் வைத்து, நாலு கதவையும் திறந்துவிட்டேன்.

உப்பளம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது: "உப்பு, தேவையான அளவு சேர்த்துக்கொள்ளுங்கள்."

சேற்றுக் காலோடு நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். "வேணும்னா இங்க வந்து வாரிக்கினு போ தாயே!" என்று ஒருத்தி ரேடியோவுக்கே பதில் சொன்னாள். வாழைப்பூ வடைக்கான செய்முறை அது. மேஸ்திரி தீர்ப்பே சொல்லிவிட்டார்: "கடலு வர்றதா இருந்தா குந்திக்கினு வடை சுடச் சொல்லுவானா?"

எனக்கு அது போதவில்லை. ஒரு தடவை பட்டது போதும். செய்தி வரட்டும், அதுவரைக்கும் யாரும் இறங்காதீர்கள் என்றேன். இந்தத் தடவை நின்றார்கள். வரப்பில் போனவர்களும் சத்தம் கேட்டுப் பாதியில் நின்று திரும்பினார்கள். வடை வெந்து முடிந்தது. ஒரு பாட்டு போனது. பிறகு செய்தி. கடல் மறுபடி பொங்குவதாகக் கிளம்பியிருப்பது வதந்தி, கடலோர மக்கள் நம்பிப் பீதியடைய வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார்கள். அதைக் கேட்டபோதுதான் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததே எனக்குத் தெரிந்தது.

செட்டை உள்ளே தள்ளிப் பொருத்திக் கொடுத்தேன். டிரைவர் என் தோளில் தட்டினார். "இனிமே மெட்ராஸ்ல எவன் காருல செட்டு காணாப் போனாலும் நேரா ஒன்னத்தான் தேடிக்கினு வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மேஸ்திரி இரண்டு கம்பி குறைந்த சைக்கிளை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நானே மாட்டித் தருகிறேன் என்றேன்.

கடைசியாக அம்மா வந்தாள், கயிற்றில் ஆட்டை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல். ஆட்டை அவிழ்ப்பதிலேயே இருந்த அவள் செய்தியைக் காதில் வாங்கவில்லை. வந்ததும், "இன்னாவாம்? இன்னா சொல்லுது?" என்றாள்.

"ஒண்ணுமில்லயாம்மா. எல்லாம் வதந்தியாம்."

"அதத்தான் நீ அப்பவே படிச்சிட்டியேடா" என்றாள்.

அது பூட்டு, இது செய்தி, இரண்டும் ஒன்றாகிப்போனது தற்செயல் என்று மொபெட்டைத் தள்ளிக்கொண்டு அம்மாவோடு வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். அம்மாவைப் பொறுத்தவரை எழுத்து ஒன்று சொன்னது, பிள்ளை படித்தான், அப்படியே நடந்தது. அவ்வளவுதான்.

இன்றைக்கும் அம்மா எதையாவது நீட்டி என்ன சொல்லுது என்று கேட்டால், உடனே வாயைத் திறப்பதில்லை. இது எதைப் பற்றிச் சொல்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் படித்துச் சொல்கிற நாலு எழுத்தின் மேல் காலை வைத்து அம்மா கடலுக்கு நேராகக் கூட நடந்து போவாள் என்பதை அந்த வரப்பில் நின்று பார்த்தவன் நான்.