தீபாவளி இல்லாத வருஷம், ஆற்றுக்கு எந்தப் பக்கம்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. என் மனைவியின் அக்கா தவறிப்போயிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாங்கள் கிள்ளானில் வீடு வாங்கிக் குடிவந்த நாளிலிருந்து எங்களோடுதான் இருந்தார். எங்கள் வாசலிலிருந்துதான் அவரை எடுத்துப்போனார்கள். அதனால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, புதுத்துணி கிடையாது, வாசலில் கோலம் கிடையாது. எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம்.

அதோடு போயிருந்தால் மனசு தாங்கியிருக்கும். ஆனால் அது எங்கள் ஒரே மகளுக்குத் தலைதீபாவளி. அந்த வருஷத் தை மாதத்தில்தான் அவளைப் பூச்சோங்கில் கட்டிக்கொடுத்தோம். தலைதீபாவளிக்குப் பெற்றவர்கள்தான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து, தலையில் எண்ணெய் வைத்து, புதுத்துணி கொடுத்து உட்கார வைக்க வேண்டும். கல்யாண மண்டபத்திலேயே, பந்தி முடிவதற்குள்ளேயே, "மாப்பிள்ளைக்கு எண்ணெ வைக்க வெள்ளிக் கிண்ணம் வாங்கணும், மறந்துராதீங்க" என்று அக்கா என்னைப் பிடித்து வைத்துச் சொன்னார். சில மாதங்களில் அவரே போய்விட்டார். சம்பந்தி வீட்டார் நல்ல மனிதர்கள். "அடுத்த வருஷம் உங்க வீட்ல வச்சுக்கலாம் அண்ணே, இந்த வருஷம் பிள்ளைங்க இங்கயே கொண்டாடட்டும்" என்று தாங்களாகவே சொல்லிவிட்டார்கள்.

என் மனைவிக்கு அதில் ஆறுதல் வரவில்லை. அவளுடைய பயம் வேறு.

"அன்னைக்குக் காலையில அவ போன் போடுவா. நான் என்ன சொல்றது? ஹேப்பி தீபாவளின்னு சொன்னா அக்காவ மறந்துட்ட மாதிரி. சொல்லலன்னா பெத்த புள்ளைய வாழ்த்தாத மாதிரி."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எனக்கு அதிகம் படிப்பில்லை. தமிழ்ப்பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம், இடைநிலைப் பள்ளியில் மூன்று வருஷம், அதற்குப் பிறகு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை, பணி ஓய்வு வரைக்கும் அதே ஸ்டோர். இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் பதில் சொல்லத் தெரியாது. முருகனிடம் சொல்லத்தான் தெரியும். அவனிடம் சொன்னேன்.

தீபாவளி நெருங்க நெருங்க, வீட்டுக்கு வருகிறவர்களை நினைத்தும் அவள் பயப்பட ஆரம்பித்தாள். எதிர்வீட்டு மலாய்க்காரம்மா, பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம், என் பழைய வேலையிடத்துக் கூட்டாளிகள் என்று வருஷா வருஷம் எங்கள் வீடு நிறைந்து வழியும். "இந்த வருஷம் கதவ மூடிட்டு உள்ள உக்காந்திருக்க என்னால முடியாது. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருங்க. ஆளே இல்லாத எடமா பாருங்க."

மகள்தான் இடம் கண்டுபிடித்தாள். தாமான் நெகாரா, பகாங்கில் இருக்கும் பெரிய காடு. போனை ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினாள்.

"ப்பா, நடுவுல ஆறு ஓடுது. இந்தப் பக்கம் கம்பம், சின்ன ஊருதான். கடை, கிளினிக், கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் இருக்கு. கார் பக்கத்துலயே நிக்கும், போன் லைனும் நல்லா கெடைக்கும். அந்தப் பக்கம் காடு. காட்டுக்குள்ள ஒரே ஒரு ரிசோர்ட். போட்லதான் போகணும், லைன் கெடைக்காதாம். உள்ள தங்குறீங்களா, வெளிய தங்குறீங்களா?"

"வெளிய" என்றேன் நான்.

"உள்ள" என்றாள் என் மனைவி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

"சரியாப் போச்சு" என்று மகள் சிரித்தாள். "பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க லா."

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் இதே பேச்சுத்தான்.

"காட்டப் பாக்கப் போயிட்டு வெளிய தங்குவாங்களா? கோயிலுக்குப் போயி வாசல்லயே நின்னுட்டு வர்ற மாதிரி."

"கோயிலுக்குள்ள அட்டை கடிக்காது."

"உங்கள எந்த அட்டை கடிக்கும்? ரத்தம் பூரா சீனியும் காப்பியும்தான்."

என் முழங்காலைச் சொன்னேன். ரிசோர்ட்டுக்குப் படித்துறையிலிருந்து செங்குத்தாகப் படி ஏற வேண்டுமாம் என்றேன். "பத்துமலைல மட்டும் எப்படி ஏறுறீங்க?" என்று கேட்டாள். பத்துமலைக்கு வேண்டுதலோடு போகிறேன், அங்கே ஏற்றி விடுபவன் வேறு ஆள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உண்மை என்னவென்றால், லைன் கிடைக்காது என்பதால்தான் அவள் உள்ளே என்றாள். லைன் கிடைக்கும் என்பதால்தான் நான் வெளியே என்றேன். தலைதீபாவளிக் காலையில் என் மகள் அவள் அம்மா குரலைக் கேட்காமல் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் இரண்டு பேரும் அட்டையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியுமே பேசினோம்.

கடைசியில் மகள் இரண்டு இடத்திலும் அறை போட்டுவைத்தாள். "அங்க போய்ப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள எது வேணாமோ அத கேன்சல் பண்ணிரலாம், எனக்கு மெசேஜ் போடுங்க."

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அக்கா படத்தின் முன்னால் என் மனைவி கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கம் பூராவும் கார். வெளியூர்களில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். ஜெராண்டுட் தாண்டியபின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான்.

மகள் சொன்ன அந்தக் கம்பம் கோலா தாஹான், அங்கே முதலில் வெளியே இருந்த கெஸ்ட் ஹவுஸுக்குத்தான் போனோம். எனக்குப் பிடித்துவிட்டது. சின்ன மர வீடு, முன்னால் ரம்புத்தான் மரம், ஆற்றில் மிதக்கும் சாப்பாட்டுக் கடைகள் ஐந்து நிமிஷ நடையில். வீட்டுக்கார மலாய்க்காரம்மா சிரித்த முகத்தோடு சாவியைக் கொண்டுவந்தார். என் மனைவியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார்.

"எசோக் தீபாவளி கான், ஆன்டி?" நாளைக்குத் தீபாவளிதானே, வீட்டில் கொண்டாடாமல் இங்கே வந்துவிட்டீர்களே என்று ஆசையாகத்தான் கேட்டார். பிறகு என் மனைவியின் இரண்டு கையையும் பிடித்து, "ஹேப்பி தீபாவளி" என்றார்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். துக்கத்துக்கு வந்தவர்களிடம் காப்பி குடியுங்கள் என்று சொல்லும்போது சிரித்த அதே சிரிப்பு.

நான் போனை எடுத்தேன். மகளுக்கு, 'உள்ளே' என்று ஒரே வார்த்தை மெசேஜ் அனுப்பினேன். பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினோம்.

ஆற்றைக் கடக்கும் போட்டுக்குப் பத்துப் பேச்சுப் பேசும் நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தக் கரையில் கால் வைத்ததும் உலகமே வேறு. மோட்டார் சைக்கிள் சத்தம் இல்லை, கடைப் பாட்டு இல்லை. மேலே ஏறும் படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். என் மனைவி திரும்பிப் பார்த்து, "வேல் வேல்னு சொல்லிக்கிட்டே வாங்க" என்றாள். நக்கல்தான். அன்று முழுக்க அவள் பேசிய முதல் நக்கல் என்பதால் சந்தோஷமாக ஏறினேன்.

மர வீட்டுக்கடியில் காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் மழை. வண்டுகளின் இரைச்சல் காதை அடைத்தது. போனைப் பார்த்தேன், லைன் ஒரு கோடுகூட இல்லை. என் மனைவி அறை வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீடாக இருந்தால் அந்நேரம் அவளும் அக்காவும் அடுப்படியில் நின்று முறுக்கு சுட்டுக்கொண்டிருப்பார்கள், நான் மாவு பிழிந்து கொடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டிருப்பேன். நான் திருநீறு பூசிக்கொண்டு கண்ணை மூடினேன். 'முருகா, உள்ள வந்துட்டோம். இனி நீ பாத்துக்க' என்பதற்கு மேல் வேண்டுதல் வரவில்லை.

தீபாவளிக் காலை. எண்ணெய் வைக்காமல் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். அவள் பழைய பருத்திச் சுடிதார் போட்டுக்கொண்டாள். பசியாற சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். வாசலிலேயே என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, நம்ம ஆளுங்க!"

உள்ளே வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் மூன்று மேசைகளில் தமிழர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க, போயிருவோம். ஆளாளுக்கு எந்திரிச்சு வந்து வாழ்த்துவாங்க."

"தலையக் குனிஞ்சுக்கிட்டே வா. ரொட்டிய எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போயிரலாம்" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் வாழ்த்தவில்லை. எங்களைப் பார்த்ததும் அவர்களும் அவரவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பெரிய உருவமாக இருந்த ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு தூண் பக்கம் மாறிப்போய் உட்கார்ந்தார். புதுத்துணி யாரும் போட்டிருக்கவில்லை. அப்போதும் எனக்குப் புரியவில்லை. இப்படி ஒரு மரியாதை தெரியாத கூட்டமா என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

ரொட்டி சுடும் இடத்தில் அந்தப் பெரிய மனிதரின் மனைவி என் மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு ரொட்டித் துண்டுகளைச் சுட வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்களும் இந்த வருஷம் தீபாவளி கொண்டாடலையா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நீங்க?"

"நாங்களும்தான். என் தம்பி. எங்களோடதான் இருந்தான்." அடுத்த மேசையைக் கண்ணால் காட்டினார். "அவங்க ஈப்போ. அவங்களுக்கும் இல்லையாம், நேத்து போட்ல சொன்னாங்க."

தூணுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெரிய மனிதர் எட்டிப் பார்த்தார். "என்ன, இவங்களும் நம்ம கேஸா?" தட்டோடு எழுந்து என்னிடம் வந்தார். பிரிக்பீல்ட்ஸ்காரர், பூ வியாபாரம். "அண்ணே, உங்க நெத்தில திருநீற பாத்ததும் பயந்துட்டேன். இந்தாளு நேரா வந்து ஹேப்பி தீபாவளி சொல்லிருவாருன்னுதான் தூணுக்குப் பின்னாடி போனேன்."

"நாங்க ரொட்டிய எடுத்துக்கிட்டு ஓடுறதா இருந்தோம்" என்றேன்.

"பாருங்க, வாழ்த்துக்குப் பயந்து காட்டுக்குள்ள வந்து, அங்கயும் ஒளிஞ்சு வெளையாடிக்கிட்டு இருக்கோம். பேசாம தீபாவளி இல்லாதவங்க சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சிருவோம். நீங்கதான் தலைவரு."

"வேணாம் லா. அடுத்த வருஷம் பதவி போயிரும்."

மூன்றாவது மேசைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு சாவு. மேசைகளை இழுத்து ஒன்றாகப் போட்டோம். யாருக்கு யார் தவறியது என்று கேட்டுக்கொண்டோம். வேறு இடத்தில் என்றால் அந்தக் கேள்விக்குப் பிறகு எல்லாரும் மௌனமாகிவிடுவார்கள். அங்கே அதுதான் பேச்சாகவே இருந்தது.

"எங்க அக்காவுக்கு முறுக்கு சுடவே வராது" என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். "பாதி கருகிடும். கருகினத மறைச்சு வச்சு அவங்களே தின்னுருவாங்க. கேட்டா, கணக்கு சரியாதான் இருக்குன்னு சொல்லுவாங்க." பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அக்கா போனபிறகு அக்கா பேச்சில் அவள் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். காப்பியை எடுப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பிள்ளைங்கக்கா?" என்று பிரிக்பீல்ட்ஸ் அம்மா கேட்டார்.

"ஒரே மக. அவளுக்கு இன்னைக்குத் தலைதீபாவளி."

அந்த அம்மா என் மனைவி பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "பேசிட்டீங்களா?"

"இங்க லைன் இல்லையே."

"எனக்கும் ஒரு மக, பினாங்குல கட்டிக் குடுத்திருக்கோம். விடிஞ்சதும் போட்ல அந்தப் பக்கம் போய்ப் பேசிட்டு வந்தேன்."

"என்ன சொன்னீங்க?" என் மனைவி சட்டென்று கேட்டாள். முன்னால் குனிந்துவிட்டாள்.

"சாப்ட்டியா, மருந்து எடுத்தியான்னு ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வச்சிரணும்னுதான் போனேன். அவ 'ம்மா'ன்னா பாருங்க, ஹேப்பி தீபாவளிடான்னு வாயில வந்துருச்சு. அப்புறம் வச்சுட்டு அழுதேன், என் தம்பி இருந்தாலும் இதுக்குக் கோச்சுக்க மாட்டான்னு நானே சொல்லிக்கிட்டேன்." ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். பெரிய விஷயமாகச் சொல்லவில்லை.

என் மனைவி காப்பிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, போட் எத்தன மணிக்கு?"

"கையக் காட்டுனா வரும்."

"அப்ப எந்திரிங்க."

படியில் நான் இறங்குவதற்குள் அவள் கரைக்குப் போய்விட்டாள். போட் ஆற்றின் நடுவுக்கு வந்தபோது அவள் கையிலிருந்த போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. எல்லாம் மகளிடமிருந்து வந்தவை. விடிகாலையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். மிதக்கும் கடையின் பலகையில் கால் வைத்ததும் என் மனைவி உட்காரக்கூட இல்லை, நின்றபடியே மகளுக்குப் போன் போட்டாள்.

"ம்மா!" என்று மகள் அலறியது எனக்கே கேட்டது.

என் மனைவி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். நான் முருகா என்றேன், மனசுக்குள்தான்.

"தலையில எண்ணெ யாரு வச்சா?" என்று கேட்டாள்.

"அத்தைதான் வச்சாங்கம்மா."

"நல்லா வச்சாங்களா?"

"வச்சாங்க. கண்ணுல பட்டுருச்சு, அதான் இன்னும் எரியுது."

"எரியும். தண்ணி ஊத்திக் கழுவு." புறங்கையால் தன் கண்ணைத் துடைத்தாள். "ஹேப்பி தீபாவளிடி. நல்லா இரு. ரெண்டு பேரும் நல்லா இருங்க. உங்க பெரியம்மா இருந்தா இந்நேரம் கிண்ணத்தோட அங்க வந்து நின்னிருப்பாங்க."

அந்தப் பக்கம் அழுகை, இந்தப் பக்கம் அழுகை. கடைக்காரப் பையன் தேநீரை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தான். கொஞ்ச நேரத்தில் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, காடு எப்படிம்மா இருக்கு? யானை கீனை பாத்தீங்களா?" என்றாள்.

"எங்க? பிரிக்பீல்ட்ஸ்காரங்களத்தான் பாத்தோம்."

என்னம்மா சொல்றீங்க என்று மகள் கேட்க, இவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கரையில் காத்திருந்த போட்காரர் திரும்பிப் போகலாமா என்று சைகை காட்டினார். என் மனைவி என்னைப் பார்த்து இப்போது வேண்டாம் என்று தலையை ஆட்டி, போனில், "இரு இரு, மாப்பிள்ளைகிட்டக் குடு, அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள். நீங்கள் போங்கள், நாங்கள் பிறகு வருகிறோம் என்று நான் போட்காரருக்குக் கையைக் காட்டிவிட்டு, அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.