ஒரு சுத்துக்கு ஆறா, பன்னெண்டா?

வண்டிக்கு வயரிங் பாக்குற சோலி இருக்கே, கைவேலை பாதின்னா வந்தவங்க பொலம்பலக் கேக்குறது மீதி. டெஸ்ட் லேம்பும் கையுமாத் திரியுற உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?

மூணாவது டர்போ

ஆயக்குடியில எங்க ஷெட்டு. முன்னாடி கொய்யாப்பழக் கூடை ஏத்துற லாரிகதான் நிக்கும். அன்னைக்கு வெள்ளனே கொடைக்கானல்ல இருந்து ஒரு ஜீப்பு எறங்குச்சு. ஓட்டி வந்தவரு அருள்ராஜ். டூரிஸ்டுகள காட்டுப்பாதையில கூட்டிட்டுப் போயிப் பொழைக்கிறவரு. இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்புமே டர்போ, உள்ள சின்னக் காத்தாடி மாதிரி ஒரு சக்கரம் சுத்துமே, அதுதான் ரெண்டு தடவ செதறிப்போச்சாம். ரெண்டும் மலை உச்சியில.

எனக்கு ஒடனே வெளங்கிருச்சு. மேல போகப் போகக் காத்து மெலிசு. அதே அளவு காத்தத் தள்ளணும்னா சக்கரம் கூடுதலாச் சுத்தணும். அளவு மீறுனா செதறும். எம் பேத்திகூட மலையேறுனா இப்பிடித்தான் மூச்சு வாங்குவா; அவ கதை தனி, விடுங்க. அருள்ராஜ் புது டர்போ, அது சுத்துறத எண்ணுற சென்சார், இன்ஜின நடத்துற கம்பெனி கம்ப்யூட்டருக்குப் பதிலா வெளியில வாங்குன ஒரு கம்ப்யூட்டர், மூணையும் கொண்டாந்துட்டாரு. சேத்து வைக்கிறது எம் பொறுப்பு. "எம் பொண்டாட்டி ஸ்டெல்லா சொல்லிட்டாம்மா, மூணாவதும் போச்சுன்னா ஜீப்ப வித்துட்டு லாட்ஜு வாசல்ல நின்னு ஆள் கூப்பிடணுமாம்!"ன்னாரு.

மாயாண்டி வச்ச பொட்டு

எங்க மெக்கானிக் மாயாண்டிக்கு ஒரு பழக்கம். புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனம் கொழச்சுப் பொட்டு வச்சுத்தான் மாட்டுவான். பேட்டரிக்கு வைப்பான், பெல்ட்டுக்கு வைப்பான். எங்க மிக்ஸிய ரிப்பேருக்குக் குடுத்தப்ப ஜாருக்குள்ளயே வச்சுட்டான், அன்னைக்குச் சட்னியே சந்தனமா மணத்துச்சு. இப்பத் திரும்பிப் பாக்குறேன், டர்போ சக்கரத்து எறக்கையிலயே பளிச்சுன்னு ஒரு பொட்டு!

"ஏலே! நிமிசத்துக்கு ஒரு லட்சம் சுத்து சுத்துறதுடா! ஒரு பொட்டுக் கனம் ஒரு பக்கம் இழுத்தாலும் போச்சு!"ன்னு கத்துனேன். தொடைக்கப் போனவன் கையப் பிடிச்சு நானே நிறுத்துனேன். சென்சார் எண்ணுறது தன்னத் தாண்டிப் போற எறக்கைய; ஒரு சுத்துக்கு எறக்கை எத்தனைன்னு சொன்னாத்தான் எத்தன சுத்துன்னு கம்ப்யூட்டரு கணக்குப் போடும். நான் பேசிக்கிட்டே எண்ணுறவ, மூணு தடவ கணக்கு விட்டுப்போச்சு. பொட்டுல ஆரம்பிச்சு பொட்டுலயே முடிச்சேன். நெட்டை ஆறு, குட்டை ஆறு, ஆகப் பன்னெண்டு. பெறகு பெட்ரோல் ஊத்தித் தொடச்சோம். மாயாண்டிக்கு மொகமெல்லாம் சிரிப்பு: "எம் பொட்டு இல்லேன்னா நீ இன்னும் எண்ணிக்கிட்டுத்தான் கெடப்பக்கா!"

ஆரன் அடிச்சா சுத்துது

வயர இழுத்து முடிச்சு, இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் போட்டோம். லேப்டாப்புல சுத்துக் கணக்கு சைபர். சரியாத்தான் இருக்குன்னு டீக்கு ஒக்காந்தோம். அருள்ராஜ் சும்மா ஆரன் அடிச்சாரு. சைபர் இருந்த எடத்துல முப்பதாயிரம்!

தப்பு எம்மேலதான். வழி கிட்டன்னு சென்சார் வயர ஆரன் வயரோட சேத்துக் கட்டிட்டேன். கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான். பிரிச்சு வேற பக்கமாக் கொண்டுபோயி, சென்சார் வயரு மேல சுத்தியிருக்குற கம்பி வலையக் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் எர்த் பண்ணேன். அதுக்குப் பெறகு எத்தன ஆரன் அடிச்சாலும் சைபர்தான். அருள்ராஜுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்: "பெட்ரோல் இல்லாமயே ஓடும்னு நெனச்சேனேம்மா!"

டீக்கடை வெளக்கமாறு

பழனி மலைப்பாதையில ஏறுனோம். அவரு ஸ்டியரிங்ல, நான் மடியில லேப்டாப்போட. ஒரு லட்சத்து இருபதாயிரத்தத் தொட்டா கம்ப்யூட்டரே டர்போவ அடக்கிரும், அப்பிடி வரம்பு கட்டியிருந்தேன். ஏத்தம் கூடுது, விசில் சத்தம் காதப் பொளக்குது, எனக்கோ சந்தோசம் தாங்கல. "ஐம்பத்தஞ்சாயிரந்தானம்மா காட்டுது, இன்னும் நல்லா மிதிக்கவா?"ன்னாரு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. மேல வந்துட்டோம், காத்து மெலிசு, நம்பரு மட்டும் எப்பிடி இவ்வளவு சாது? "நிறுத்துங்க, நிறுத்துங்க!" டீக்கடை ஓரமா நிறுத்தி, சூடு ஆற விட்டு, டர்போவுக்குக் காத்து வர்ற முன்குழாயையும் சென்சாரையும் கழட்டுனேன். கடைக்காரப் பிள்ளை கிட்ட வெளக்கமாத்துல ஒரு ஈர்க்கு வாங்கி சென்சார் ஓட்டையில விட்டேன். அடையாளத்துக்கு என்ன பண்றது? நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்ட எடுத்து ஒரு எறக்கையில ஒட்டி, வெரலால மெதுவாச் சுத்துனேன். டிக், டிக்... ஒரு சுத்துக்கு ஆறே டிக்கு! ஓட்டை இருக்குற எடத்துக்குக் குட்டை எறக்கை எட்டவே இல்ல. சென்சார் பாக்குறது ஆறு, நான் சொன்னது பன்னெண்டு. அப்ப காட்டுன ஐம்பத்தஞ்சு உண்மையில நூத்திப்பத்தாயிரம். வரம்புன்னு நான் கட்டுனது ரெண்டு மடங்கு தள்ளி நின்னிருக்கு. என் கவலை டர்போ, கடைக்காரப் பிள்ளைக்குக் கவலை வேற: "ஈர்க்கத் திருப்பிக் குடுத்துருங்க ஆத்தா, ஏற்கெனவே வெளக்கமாறு மெலிஞ்சு போச்சு!"

ஸ்டெல்லா கேட்ட கேள்வி

ஆறுன்னு மாத்தி, வெரசா எல்லாத்தையும் மாட்டிட்டுக் கெளம்புனோம். இப்பத்தான் நம்பரு நம்பரா ஏறுச்சு. நூறாயிரம், நூத்திப்பத்து, நூத்திப்பதினெட்டு. பெருமாள்மலைக்கு முந்துன ஏத்தத்துல நூத்திருபதத் தொட்டுச்சு பாருங்க, கம்ப்யூட்டரு தானே அடக்கி, நம்பரு அங்கனயே நின்னுபோச்சு. அருள்ராஜ் மிதிச்சுப் பாக்குறாரு, அசையல! ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி கத்துனோம். டர்போ முழுசா கொடைக்கானல் வந்து சேந்துச்சு.

வீட்டு வாசல்ல ஸ்டெல்லா இன்ஜினையே காது குடுத்துக் கேட்டா. திருப்தி. பெறகு எம் மொகத்தப் பாத்து, "ஏம்மா, நெத்தியில பொட்டக் காணோமே?"ன்னா. எனக்கு உசிரே போயிருச்சு. சக்கரத்துலருந்து எடுத்தேனா? மாயாண்டிய அந்தத் திட்டு திட்டுனவளாச்சே! பானட்டத் தெறக்க ஓடுனேன். அருள்ராஜ் என் லேப்டாப்பத் தூக்கிக் காட்டுறாரு, மூடி மூலையில செவப்பா ஒட்டியிருக்கு: "ஓடாதீங்கம்மா, ஆறுன்னு மாத்துறப்ப இதுக்கு வச்சுவிட்டீங்கள்ல!"

பொட்டு வைக்காத சாமான் எங்க ஷெட்டுல இருந்து வெளிய போகாதுன்னு மாயாண்டி பீத்திக்கிறப்ப, இப்பல்லாம் நான் லேப்டாப்பு மூடிய அவன் கண்ணுல படாமத் திருப்பி வச்சுக்கிறேங்க.