என் வயிற்றுக்கு ஆகாதவை

என் முப்பதுகளின் தொடக்கத்தில், மலாய் நாட்டு ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். சாப்பிட்ட அரைமணியில் வயிறு முறுக்கும். எழுந்து ஓட வேண்டும். ஒரு வாரம் இப்படி, மறுவாரம் ஒன்றுமே போகாமல் உப்பிக்கொள்ளும். எந்தச் சந்தில் கக்கூஸ் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். டாக்டர் அமுக்கிப் பார்த்து, குடலில் நோயில்லை என்று அனுப்பிவிட்டார். பெண் பார்க்கக் கூப்பிட்ட இரண்டு வீடுகளுக்கும் பயந்து போகாமல் இருந்துவிட்டேன்.

மதியம் சாப்பிடுவது ஒரு தமிழ் முஸ்லிம் நண்பரின் கடையில். அவருக்கும் என் வயதுதான். ஒருநாள் பாதிச் சோற்றில் எழுந்து ஓடித் திரும்பியவனைப் பிடித்து உட்கார வைத்தார்.

"என் கடைச் சாப்பாடா காரணம்? மறைக்காம சொல்லுங்கண்ணே."

"எங்க சாப்பிட்டாலும் இப்படித்தான், பாய்."

"அப்ப எதுன்னு பார்த்துருவோம் லா. வாரத்துக்கு ஒண்ண நிறுத்துவோம்."

முதல் வாரம் மிளகாய்ச் சம்பலை நிறுத்தினார். மாற்றமில்லை. அடுத்து தேங்காய்ப்பால் குழம்பு. அதற்கும் வயிறு அடங்கவில்லை. பருப்பை எடுத்ததும் உப்புசம் பாதி குறைந்தது. நாலாம் வாரம் என் உயிரான டின்பால் கோப்பியில் கை வைத்தார். சண்டை போட்டேன். கறுப்புக் கோப்பிதான் வந்தது. பத்து நாள் கழித்து ஒரு மாலை, காலையிலிருந்து வயிற்றை நினைக்கவே இல்லை என்பது திடீரென்று உறைத்தது. அதன்பின் எனக்கென்று குழைந்த சோறும் எண்ணெய் குறைந்த மீனும் தனிச்சட்டியில் தயாராயின.

மூன்றாவது வரன் நிபோங் திபால் என்ற ஊரில். துணைக்கு அவரும் வந்தார். தீவிலிருந்து படகில் கடல் தாண்டி, ரயில் பிடித்துப் போனோம். பெண்வீட்டில் பால்பாயசம் கொடுத்தார்கள். மறுத்தால் மரியாதையில்லையே என்று கிண்ணத்தை வாங்கிவிட்டேன்.

"அவருக்குப் பாலு ஆகாதுங்க. குடிச்சா, திரும்பிப் போற ரயில்ல அவரும் பாவம், நானும் பாவம்," என்றார் நண்பர், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

என் முகம் சுட்டது. அப்போது உள்ளிருந்து ஒரு பெண்குரல்: "எங்கப்பாவுக்கும் ஆகாதுங்க. கறுப்புக் கோப்பி போடட்டுமா?"

அவளையே மணந்தேன்.

வயிறு முழுதாகக் குணமாகவில்லை; வேலை நெருக்கும் நாட்களில் இன்றும் முறுக்கும். காரணம் தெரிந்ததால் பயம் மட்டும் போய்விட்டது. கல்யாணமான வருஷம் தைப்பூசத்தன்று நானும் அவளும் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை நிற்காமல் ஏறினோம். மறுநாள் அவளோடு நண்பர் கடைக்குப் போய் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"சோறு ஆறுது. ரெண்டு பேரும் உக்காருங்க," என்றார்.