பொனற்றில் இருந்த சூடு

கனடாவில், எங்கள் ஸ்காபரோ வீட்டுக் கராஜில் ஒன்பது வருடம் எனக்கொரு சக்களத்தி இருந்தாள். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், எழுபதாம் ஆண்டில் அமெரிக்காவில் செய்த கார். என் கணவர் அதை ஒரு பண்ணையில் வாங்கி ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, காருக்குள் இருந்தபடியே தரை ஓட்டைக்குள்ளால் கைவிட்டு நிலத்தைத் தொடலாம். தொழிற்சாலை வேலை முடிந்து வருவார், தேத்தண்ணி குடிப்பார், கராஜுக்குள் போய்விடுவார். தகடு வெட்டி ஒட்டினார். எஞ்சினைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். கடைசியில் கடும் பச்சை நிறம் அடித்தார். ஒன்பது மாரியும் என்னுடைய கார் வெளியே பனிக்குள் நின்றது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கை ஓரளவு திரும்பியது, கால் திரும்பவில்லை. அந்தக் காரில் கியரைக் கையால்தான் மாற்றவேண்டும், கிளச்சை இடது காலால்தான் மிதிக்கவேண்டும். மாரி முழுக்க அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர், ஒருநாள் பாண் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அதை விப்பம்" என்றார். எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அப்படி இருக்கவில்லை.

விளம்பரத்தை அவர் சொல்லச்சொல்ல நான் கணினியில் அடித்தேன். நல்லதைச் சொன்னது ஒரு வரி. மிச்சமெல்லாம் குறை. மணிக்கூடு ஓடாது, தரைத் தகடு ஒட்டுப்போட்டது, இடது கதவை இழுத்துச் சாத்தவேண்டும், எஞ்சின் குளிரில் மூன்றாம் தரம் திறப்பை முறுக்கினால்தான் பிடிக்கும்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் எண்டு சும்மாவோ சொன்னவை? உதையெல்லாம் ஏன் எழுதுவான்?" என்றேன்.

"இது கலியாணம் இல்லையப்பா. வாங்கிற ஆள் இதிலை ஹைவேயிலை போகவேணும். நான் சொன்னதை அடியும்."

முதலில் அழைத்த இரண்டு பேருக்கும் எஞ்சின் மட்டும்தான் வேண்டியிருந்தது. அது அந்தக் காரோடு கூடப் பிறந்த எஞ்சின், அதற்குக் கிராக்கி அதிகமாம். மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். இரண்டாவது ஆளோடு பேசி முடித்தபோது அவருடைய முகம் கறுத்துப் போயிருந்தது. "முழுசா எடுத்து ஓடுற ஆளுக்குத்தான் குடுப்பன். இல்லாட்டி கிடக்கட்டும்" என்றார். கிடக்க விட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவருக்குப் பிறகு அதைத் திறந்து பார்க்க வீட்டில் ஆள் இல்லை. ஒருநாள் அந்த எஞ்சின்காரர்தான் வருவார்கள்.

மூன்றாவதாக அழைத்தது பிக்கரிங்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஐம்பது வயதிருக்கும். கோடை முழுக்கத் தானே ஓட்டுவதற்கு இப்படியொரு கார் தேடுகிறாள். இருவரும் அரை மணித்தியாலம் பேசினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். மழை இரண்டு தரம் பெய்து, பனியைக் கரைக்கத் தெருவில் போட்ட உப்பெல்லாம் கழுவுப்பட்ட பிறகு, ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

அன்று காலை பக்கத்து வீட்டு அண்ணை என் கணவரைத் தலைமயிர் வெட்டக் கூட்டிக்கொண்டு போனார். நான் றோல்ஸ் பொரித்து வைத்தேன். கேத்திலில் தண்ணீர் வைத்தேன். எங்கள் வீட்டில் ஆட்கள் வருவதற்கு முன்னரே தண்ணீர் கொதித்திருக்கவேண்டும். வந்த பிறகு அடுப்பை மூட்டினால் அது என்ன உபசரிப்பு? அப்போதுதான் கராஜில் நிற்பவள் ஞாபகம் வந்தது. குளிரில் இருமி இருமி அந்தப் பெண்ணுக்கு முன்னால் அவருடைய மானத்தை வாங்கப்போகிறாளே என்று நினைத்தேன். கராஜ் கதவைத் திறந்துவிட்டு, காரில் ஏறித் திறப்பைப் போட்டு முறுக்கினேன். அவர் செய்வதைப் பார்த்திருந்தபடியால் எனக்கு வழி தெரியும். மூன்றாம் தரம் பிடித்தது. சத்தம் சீராகும்வரை ஓடவிட்டு நிறுத்தினேன். ஒரு புண்ணியம் செய்ததுபோல கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

அவர் முகம் வழித்து, மணக்க மணக்க வந்து இறங்கினார். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணும் வந்தாள். காரைச் சுற்றிப் பார்க்கவில்லை, கதவைத் திறக்கவில்லை. நேரே போய் உள்ளங்கையை எஞ்சினை மூடியிருக்கும் பொனற்றில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே, இன்றைக்கு ஸ்ராட் பண்ணினீர்களா என்று கேட்டாள்.

"இல்லை. ஐந்து மாதமாக யாரும் தொடவில்லை" என்று என் கணவர் ஆங்கிலத்தில் சொன்னார். உறுதியாகச் சொன்னார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தாள். நான் றோல்ஸ் தட்டோடு கராஜ் வாசலில் நின்றேன். என் கணவர் தடியை ஊன்றிப் போய்ப் பொனற்றைத் தொட்டார்.

"நீரோ ஸ்ராட் பண்ணினது?"

"ஓம். குளிரிலை பிடிக்காதெண்டு…"

"ஐயோ! பழைய கார் வாங்கிறவை குளிர்ந்த எஞ்சினைத்தான் கேப்பினம். குளிரிலை பிடிக்காததை மறைக்க முதலே சூடாக்கி வைக்கிறவன் கள்ளன். ஒருத்தரும் தொடமாட்டினம் எண்டு போனிலை அவவுக்குச் சொன்னனான்." பொனற்றில் இருந்து கையை எடுத்தார். "என்னைக் கள்ளன் எண்டு நினைச்சுக்கொண்டெல்லே போறா."

தட்டைக் கீழே வைத்த நினைவு எனக்கில்லை. வீட்டுச் செருப்போடு ஓடினேன். அவளுடைய கார் பின்னால் எடுபட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. நான்தான் செய்தேன், அவருக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் விருந்தினர் வரமுன் அடுப்பு மூட்டிவிடுவோம், இதையும் அப்படி நினைத்துவிட்டேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். காரை விற்கவேண்டும் என்பதற்காக இல்லை, அவர் பொய் சொல்லாதவர், அதை மட்டும் நம்புங்கள் என்றேன். அழுதும்விட்டேன். அவள் என் செருப்பைப் பார்த்தாள். நாளைக்குக் காலை வருவதாகவும், அதுவரை கேத்திலைத் தவிர வேறொன்றையும் சூடாக்கவேண்டாம் என்றும் சொன்னாள்.

அன்று முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. கராஜ் திறப்பைத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். எனக்கு வேண்டியதுதான்.

ஞாயிறு காலை அவள் பொனற்றைத் தொட்டுவிட்டுத் தானே ஏறி இருந்தாள். முதல் தரம் இருமல். இரண்டாம் தரம் அதுவும் இல்லை. மூன்றாம் தரம் கராஜ் கூரை அதிர்ந்தது. விளம்பரத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று சிரித்தாள். விலை பேசவில்லை. எங்கள் இருவரையும் ஏறச்சொன்னாள். அவர் பக்கத்துச் சீற்றில் இருந்தார், நான் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன்.

தெருவில் இறங்கி அவள் முதல் கியரில் இருந்து இரண்டாவதுக்கு மாற்றினாள். என் கணவர் வலது கையை எடுத்துத் தன் இடது முழங்காலில் வைத்துக் கீழே அழுத்தினார். அவள் மூன்றாவதுக்கு மாற்றும்போதும் அழுத்தினார். அந்தக் கால் தானாக அசையவில்லை. சிவப்பு விளக்கில் நின்று மறுபடி எடுக்கும்போதும், சந்தியில் திரும்பும்போதும், அவளுடைய கால் கிளச்சுக்குப் போகிற அதே நேரத்தில் அவருடைய கை அந்த முழங்காலை அழுத்தியது. பின்னால் இருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். விக்கவேண்டாம், நிக்கட்டும், நானே பழகி ஓடுறன் என்று கத்தவேண்டும் போலிருந்தது.

பெரிய வீதிக்கு ஏறி அவள் கடைசிக் கியரைப் போட்டாள். அவருடைய கை அசையாமல் முழங்காலிலேயே கிடந்தது. கொஞ்ச நேரம் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் தலையைத் திருப்பாமல் தமிழில் சொன்னார்:

"நல்லா மாத்துறா."